ஆட்டம் ஒன்று, அவதாரம் பல! செகிதியாவைத் தெரியுமா?

ஸ்பெயின் நடனம் என்றால் ஃபிளமெங்கோ ஒன்றுதான் ஞாபகம் வருகிறதா? அதற்கும் மூத்தது ஒன்று உண்டு. பெயர், செகிதியா. செர்வாண்டஸ் நாவலின் நாயகன் டான் கிஹோட்டே காற்றாலைகளோடு மல்லுக்கு நின்ற லா மான்ச்சா சமவெளியில்தான் இதற்குப் பேரும் புகழும். ஆட்டத்துக்கும் அதே பெயர், பாட்டுக்கும் அதே பெயர், பாட்டின் யாப்புக்கும் அதே பெயர்!

அந்த யாப்பு இருக்கிறதே, படு குறும்பு. நான்கே அடி: 7, 5, 7, 5. எண்ணுவது நம் நேரசை நிரையசையை அல்ல, காதில் விழும் உயிரொலிகளை. ஒரு சொல் உயிரில் முடிந்து அடுத்தது உயிரில் தொடங்கினால் இரண்டும் சேர்ந்து ஒன்று. அடியின் கடைசி ஒலியில் அழுத்தம் விழுந்தால் 6 இருந்தாலும் 7 என்றே கணக்கு! இரண்டாம் அடிக்கும் நான்காம் அடிக்கும் உயிர்கள் ஒத்தால் போதும், மெய்கள் எப்படியும் போகட்டும். 'காசா'வுக்கு 'பிளாட்டா' ஜோடி. பல பாட்டுகளில் இதோடு மூன்றடி வால் ஒன்றும் ஒட்டிக்கொள்ளும். அதன் கணக்கு 5, 7, 5. ஆமாம், ஹைக்கூவின் அதே கணக்கு! ஜப்பானுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

ஆட்டம்? மூன்று தட்டுத் தாளம், கிட்டார், விரல்களில் படபடக்கும் காஸ்டனெட் கட்டைகள், எதிரெதிரே ஜோடிகள். பாட்டு முடியும் அந்த நொடியில், தூக்கிய கையும் வளைந்த இடுப்புமாக அப்படியே சிலையாகிவிட வேண்டும். இதற்கு 'பியென் பராதோ' என்று பெயர். வேகமாக ஆடுவதைவிட இப்படி நிற்பதுதான் கஷ்டம் என்பது என் கட்சி.

செர்வாண்டஸ் 1615-இல் வெளியிட்ட டான் கிஹோட்டே இரண்டாம் பாகத்தில் தாடி வைத்த சீமாட்டி ஒருத்தி வருகிறாள். செகிதியா கேட்டால் உடம்பு நிலைகொள்ளாது, இதை எழுதும் கவிஞர்களைப் பல்லித் தீவுக்கு நாடு கடத்த வேண்டும் என்று புலம்புகிறாள். அந்தச் சீமாட்டியே வேஷம் போட்ட ஆண்பிள்ளைதான் என்பது தனி வேடிக்கை!

செகிதியாவின் வாரிசுகளுக்கும் பஞ்சமில்லை. 18-ஆம் நூற்றாண்டில் நிதானமும் துள்ளலுமாகப் பிறந்த பொலேரோ ஒன்று. செவில் நகரத்து ஏப்ரல் திருவிழாவில் இன்றைக்கும் ஊரே ஆடும் செவியானாஸ் இன்னொன்று. அந்தத் திருவிழா 1847-இல் மாட்டுச் சந்தையாகத் தொடங்கியது; அதற்கு யோசனை சொன்ன இருவருமே அந்த ஊர்க்காரர்கள் இல்லை. ஒருவர் பாஸ்க், மற்றவர் கட்டலான்!

1875-இல் பாரிஸில் அரங்கேறிய 'கார்மென்' ஓபராவில், கைதான நாயகி காவலனை மயக்கித் தப்புவது ஒரு செகிதியா பாடித்தான். இசையமைத்த பிஸே ஸ்பெயினில் கால் வைத்ததே இல்லை. ஃபிளமெங்கோவில் இதே பெயர் திரிந்து சிகிரியா ஆனது (இலங்கைக் குன்றோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்). அங்கே துள்ளல் மருந்துக்கும் கிடையாது. சாவையும் பிரிவையும் சொல்லித் தொண்டை கிழிய அழும் பாட்டு அது.