குழாய் காஸுக்கு மாறும் வீடுகளின் கவனத்திற்கு



நம் மஹல்லாவில் குழாய்வழி காஸ் இணைப்பு பெறும் வீடுகள் கூடி வருகின்றன. சிலர் புது அடுப்பு வாங்கிக்கொண்டு, பழையதை "யாராவது இல்லாதவர்களுக்குக் கொடுங்கள்" என்று நம் அலுவலகத்தில் தந்துவிட்டுப் போகிறார்கள். அப்படி வந்த ஓர் அடுப்பைக் கழுவித் துடைத்து, சிலிண்டர் உபயோகிக்கும் ஒரு விதவைச் சகோதரிக்குக் கொடுத்தோம். மறுநாள் காலை அவர் மகன் வந்து நின்றான். "பாய், பத்த வெச்சதும் நெருப்பு பாத்திரத்துக்கு மேல எழும்பிடுச்சு. அம்மா முந்தானைல புடிச்சுக்கிச்சு" என்றான். சேலை கருகியதோடு போயிற்று, அல்ஹம்துலில்லாஹ். தவறு எங்களுடையது. அது குழாய் காஸில் எரிந்துகொண்டிருந்த அடுப்பு. அதை அப்படியே சிலிண்டரில் மாட்டக்கூடாது என்பது கொடுத்த எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

இரண்டையும் நாம் காஸ் என்றே சொல்கிறோம். ஆனால் இரண்டும் வேறு. சிலிண்டரில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது. குழாயில் வருவது பெரும்பாலும் மீத்தேன். ஒரு கன மீட்டர் மீத்தேன் தரும் வெப்பம், அதே அளவு சிலிண்டர் காஸ் தருவதில் பாதிக்கும் குறைவு. குழாயில் அழுத்தமும் குறைவு: சுமார் 21 மில்லிபார். சிலிண்டர் ரெகுலேட்டரில் சுமார் 30. ஆகவே ஒரே சூடு கிடைக்க வேண்டுமானால், குழாய் அடுப்பில் காஸ் பீய்ச்சும் 'ஜெட்'டின் துளை பெரிதாக இருக்க வேண்டும். ஜெட் மாற்றாமல் சிலிண்டர் அடுப்பைக் குழாயில் இணைத்தால் தீ சிணுங்கும், அவ்வளவுதான். பெரிய துளை ஜெட்டோடு சிலிண்டரில் இணைத்தாலோ மஞ்சள் நிறத்தில் உயரமாகப் பாயும்.

ஜெட் மாற்றுவதை இணைப்பு கொடுக்கும் நிறுவனத்தின் ஆளே செய்யட்டும். தெரு மெக்கானிக் ஊசியாலோ டிரில்லாலோ பழைய துளையைப் பெரிதாக்கித் தருவதாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மாற்றிய பின் எல்லா பர்னரையும் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். தீ நீலமாக, நிலையாக எரிய வேண்டும். பாத்திரத்தின் அடியில் கரி பிடித்தால் மறுபடி கூப்பிடுங்கள்.

அடுத்தது டியூப். உள்ளே கம்பிவலை வைத்த, ஐஎஸ்ஐ முத்திரையுள்ள ஆரஞ்சு நிற ரப்பர் டியூப்தான் வேண்டும். நீளம் ஒன்றரை மீட்டருக்குள் இருக்கட்டும். இரு முனையிலும் கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டும். நுழையவில்லை என்று முனையை நெருப்பில் காட்டி இளக்குவது நம் வீடுகளில் பழக்கம். அது டியூபைக் கெடுத்துவிடும். நடுவில் ஒட்டுப் போடுவதும், சுவரில் ஓட்டை போட்டு அந்தப் பக்கம் கொண்டுபோவதும் கூடாது. அதன் மேல் அச்சிட்டிருக்கும் தயாரிப்பு ஆண்டைப் பாருங்கள். ஐந்து ஆண்டு ஆகிவிட்டால், பார்வைக்குப் புதிது போலிருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

இணைத்ததும் வால்வைத் திறந்து, அடுப்புத் திருகுகளை மூடி வைத்து, இணைப்புகளில் சோப்பு நுரை தடவுங்கள். குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி காட்டிப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். குழாய் காஸில் இன்னொரு வசதி உண்டு. திருகுகளெல்லாம் மூடியிருக்கும்போது மீட்டரின் கடைசி எண்ணைக் குறித்துக்கொண்டு கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கோ கசிகிறது. வால்வின் கைப்பிடி குழாயோடு ஒரே திசையில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது. இதை வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் காட்டிக்கொடுங்கள். இரவு படுக்குமுன் மூடுங்கள். ரமலானில் சஹருக்குத் தூக்கக் கலக்கத்தில் எழுந்து அடுப்படிக்குப் போகிறவர், முதலில் வாடை வருகிறதா என்று கவனித்துவிட்டு லைட் போடட்டும்.

சிலிண்டர் காஸ் காற்றைவிடக் கனமானது, தரையில் தங்கும். குழாய் காஸ் இலேசானது, மேலே ஏறிக் கூரையடியில் சேரும். புறாத் தொல்லைக்காகச் சமையலறையின் மேல் ஜன்னலை அட்டை வைத்து அடைத்த வீடுகள் நம் தெருவிலேயே உண்டு. அட்டையை எடுத்துவிட்டு வலை அடியுங்கள். வாடை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாதீர்கள். எக்ஸாஸ்ட் ஃபேனும் அதில் அடக்கம். வால்வை மூடி, ஜன்னல் கதவுகளைத் திறந்து, எல்லோரும் வெளியே வந்த பிறகு போன் செய்யுங்கள். குழாய் காஸ் நிறுவனத்தின் அவசர எண் பில்லில் இருக்கும். சிலிண்டர் வைத்திருப்பவர்களுக்கு 1906.

அடுப்பு கொடுக்க விரும்புபவர்கள் தொடர்ந்து கொடுங்கள், ஜஸாக்கல்லாஹு கைரன். அது குழாயில் எரிந்ததா சிலிண்டரில் எரிந்ததா என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். ஜெட் மாற்றும் நாளில் கழற்றிய பழைய ஜெட்டுகளைக் கேட்டு வாங்கி வைத்திருந்து, ஒரு கவரில் போட்டு அடுப்போடு கட்டித் தாருங்கள். மெக்கானிக்கை வைத்து மாட்டிச் சோதித்த பிறகே இனி எந்த அடுப்பும் நம் அலுவலகத்தை விட்டு வெளியே போகும்.

– செயலாளர்