தண்ணீரில் மலர்ந்த திருநாமம்

பழைய கிதாபு ஒன்றின் அட்டையைத் திறந்ததும், உட்புறத்தில் அலையலையாய் நிறங்கள் ஓடும் தாள் ஒட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா சகோதரிகளே? துருக்கியர் அதனை ‘எப்ரு’ என்பார்கள். அந்த நிறங்கள் தாளின்மேல் தீட்டப்பட்டவை அல்ல. செடிப் பிசின் கரைத்த தண்ணீரை அகலமான தட்டத்தில் ஊற்றி, மாட்டின் பித்தநீர் கலந்த சாயத்தை அதன்மீது தெளிப்பார்கள். பித்தநீரின் உதவியால் சாயம் அமிழாமல் மிதந்து விரியும். அதன்மேல் தாளை மெல்லப் படுக்கவைத்து எடுத்தால், மிதந்த கோலம் அப்படியே தாளில் ஏறிவிடும். ஒருமுறை வந்த கோலம் மறுமுறை வராது.

அதனால்தான் இஸ்தான்பூலின் அயாசோஃபியா பள்ளிவாசலில் கதீபாக இருந்த முஹம்மத் எஃபெந்தியின் முடிவு மனதை உலுக்குகிறது. மிதக்கும் சாயத் துளிகளை ஊசி முனையால் இழுத்து, பூப்போன்ற வடிவங்களை ஆக்கியவர் அவர். 1773இல் அவரது வீடு தீப்பற்றியபோது, தாள்களைக் காப்பாற்ற முயன்று தீயிலேயே வபாத்தானார்.

அவருக்குப் பின் இக்கலைக்குப் புதுவழி காட்டியவர் ஹாபிழ் நஜ்முத்தீன் ஒக்யாய் (1883 - 1976). உஸ்குதாரில் இமாம், அழகெழுத்து ஆசான், ரோஜா வளர்ப்பவர், வில்வித்தைக்காரர். ‘ஒக்யாய்’ என்ற குடும்பப் பெயரே அம்பும் வில்லும்தான்!

இந்தத் தாளில் எழுத்தையும் கொண்டுவர அவர் ஆசைப்பட்டார். முதலில் ‘அல்லாஹ்’ என்ற திருநாமத்தைத் தாளில் வெட்டியெடுத்து, வேலம் பிசினால் இன்னொரு தாளில் இலேசாக ஒட்டினார். நிறம் ஏற்றியபின் ஒட்டிய எழுத்தைப் பிரித்தால் அந்த இடம் வெள்ளையாக நிற்க வேண்டும். நின்றது. ஆனால் ஓரத்தில் பிசின் கசிந்த இடத்திலும் நிறம் பிடிக்கவில்லை. நாமாக இருந்தால் கசக்கி எறிந்திருப்போம். அவரோ அந்தக் கசிவையே யோசித்தார். பத்திக் சேலையில் மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாதல்லவா? அதே கதைதான். அப்படியானால் வெட்டுவதும் ஒட்டுவதும் எதற்கு? பிசினையே மையாக்கி, நாணல் பேனாவால் நேராகவே எழுதினார். நிறங்களின் நடுவே திருநாமம் வெண்மையாய்த் துலங்கியது.

மிதக்கும் சாயத்தில் டூலிப், கார்னேஷன் முதலிய மலர்களையும் அடையாளம் தெரியும்படி வரைந்தார். 2014இல் யுனெஸ்கோ எப்ருவைத் தனது மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. இக்கலை அதுவரை அழியாமல் வந்ததில், அவரிடம் கற்ற உறவுக்காரர் முஸ்தபா துஸ்குன்மானுக்குப் பெரும் பங்குண்டு. உஸ்குதாரில் நாட்டுமருந்துக் கடை நடத்திக்கொண்டே 1990இல் மறையும்வரை எப்ரு செய்தார். ஆசானின் பூ வரிசையில் டெய்சிப் பூவைச் சேர்த்தவர் அவரே.