பின்படியின் பொறுப்பு

1983-இல் லேண்ட்ரோவர் 110 என அறிமுகமாகி, 1990-இல் டிஃபெண்டர் என்னும் நாமம் பெற்று, 2016-இல் உற்பத்தி நின்றுபோன அந்த உயரமான வாகனத்தில், பின்கதவு வழியே ஏறுவது முதியோருக்கும் சிறுவர்க்கும் பிரயாசையான காரியமாதலால், பின்படி ஒன்று அத்தியாவசியமாகிறது.

கனத்த இரும்புப் பம்பரைப் பிற்பாடு வாங்கிப் பொருத்தியவர்கள், பழைய படியின் துளைகள் அதனோடு இசையாமை கண்டு, பம்பரின் தகட்டிலேயே படியைப் பற்றவைக்க முற்படுவதுண்டு; அது உசிதமன்று. 80 கிலோ எடையுள்ள ஒருவர், 30 சென்டிமீட்டர் வெளியே நீண்ட படியின் நுனியில் நின்றால், அது பொருந்திய இடத்தில் ஏறக்குறைய 235 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை உண்டாகிறது. மெல்லிய தகடாயின் நாளடைவில் வளைந்து விரிசல் காணும். ஆகவே, சேஸிஸின் பின் குறுக்குச்சட்டம் துருப்பிடிக்கும் சுபாவமுடையதாகையால் அதை முதலில் பரிசோதித்து, உட்புறம் தடித்த தகடு கொடுத்து, அச்சட்டத்தோடு சேர்த்தே படியைப் போல்டுகளால் இறுக்குவதுதான் சிரேஷ்டமான மார்க்கம்.

நிரந்தரமாகக் கீழே தொங்கும் படி, செங்குத்தான சரிவிலிருந்து சமதரைக்கு இறங்கும்போது முதலில் மண்ணில் மோதுமாதலால், மடங்கும் படியே மேலானது. மடக்கிய நிலையில் அது பக்கவாட்டில் திறக்கும் கதவைத் தடுக்காமலும், விளக்குகளையும் எண்பலகையையும் மறைக்காமலும் இருத்தல் வேண்டும். ஏறுபவரின் உடல்பாரம் முழுவதையும் ஒரு கணம் தாங்கும் இச்சிறு உறுப்பை அலங்காரமாகக் கருதாமல், வாகனத்தின் பாதுகாப்பு அங்கமாகவே மதித்துப் பொருத்துவது நம் கடமை.