சிங்கப்பூருக்கு நாலு மணி நேரம்: இலைக்கட்டுக்கு எத்தனை?

வாழையிலை, கறிவேப்பிலை, முருங்கைக்காய், மல்லிகைப்பூ என்று சிங்கப்பூருக்குச் சரக்கு அனுப்பும் நம் வணிகர்களிடம், போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்று கேட்டால், "நாலு மணி நேரம்தானே" என்று சட்டென்று பதில் வருகிறது. விமானத்துக்கு அது சரி. சரக்குக்குச் சரிவராது.

மீனம்பாக்கத்திலிருந்து சாங்கி விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 2,900 கிலோ மீட்டர். மணிக்கு 800 கிலோ மீட்டருக்கு மேல் பறக்கும் ஜெட் விமானத்துக்கு மூன்றரை மணி நேர வேலை. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, மேலே ஏறுவது, அங்கே இறங்க முறை வருவது எல்லாம் சேர்த்துத்தான் அட்டவணையில் நான்கு, நாலேகால் மணி என்று போடுகிறார்கள். திருச்சியிலிருந்து கிட்டத்தில்தான் என்று சிலர் நினைக்கிறார்கள். திருச்சி மேற்கே தள்ளி இருப்பதால் தூரம் சற்றுக் கூடுதலே. 1985ல் தீ விபத்தோடு ஓட்டம் நின்ற எம்.வி. சிதம்பரம் கப்பலில் நாள் கணக்கில் போன வழி இது.

அடுத்தது கடிகாரம். சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி முந்தியது. இங்கே இரவு 11.30க்குக் கிளம்பும் விமானம் நம் கணக்கில் அதிகாலை 3.45க்கு இறங்கும், அங்கே அப்போது 6.15. திரும்பும்போது, இரவு 8 மணிக்குக் கிளம்பி 9.45க்கே சென்னை வந்துவிடுவதாக டிக்கெட் காட்டும். ஒன்றே முக்கால் மணியில் எந்த விமானமும் வருவதில்லை!

வெள்ளிக்கிழமை காலைக் கல்யாணப் பந்திக்கு இலை கேட்கிறார் அங்குள்ள வியாபாரி என்று வைத்துக்கொள்வோம். வியாழன் இரவு விமானம் 6.15க்கு இறங்கிவிடுமே என்று ஒப்புக்கொண்டால் வம்புதான். சரக்கை இறக்கி, கிடங்குக்குக் கொண்டுபோய், பேப்பர் பார்த்து விடுவிக்க அங்கேயும் நேரம் பிடிக்கும். உரிமம் பெற்ற இறக்குமதியாளர் அந்தச் சரக்குக்கென்று பெர்மிட் எடுத்திருக்க வேண்டும். அதற்குள் பந்தி முடிந்துவிடும். ஆகவே புதன் இரவே ஏற்ற வேண்டும். சுங்கம், எக்ஸ்ரே சோதனைக்காக விமானம் கிளம்பப் பல மணி நேரம் முன்பே சரக்கை ஒப்படைக்க வேண்டியிருப்பதால், இலை புதன் காலையிலேயே அறுபட்டிருக்கும். நாலு மணி நேரப் பயணத்துக்கு இலை இரண்டு நாள் தாங்க வேண்டும். கட்டுவதும் நனைப்பதும் அதற்கேற்ப இருக்கட்டும்.

பயணிகள் விமானத்தின் அடிவயிற்றில்தான் பெரும்பாலும் நம் சரக்கு போகிறது. பயணிகளின் பெட்டிகள் கூடிவிட்டால் நம் அட்டைப்பெட்டியை இறக்கி வைத்துவிடுவார்கள், ஆஃப்லோடு என்பார்கள். மறுநாள் போகும் அந்தச் சரக்கு யார் தலையில் விழும் என்பதை விலை பேசும்போதே பேசி, எழுத்தில் வாங்கிவிடுவது நல்லது. சரக்கு போய்ச் சேர்ந்த பிறகு பேசினால் கழிவுதான் மிஞ்சும்.

போன் விஷயத்திலும் இதே கணக்குதான். இங்கே கடை சாத்தி, கல்லா எண்ணி, இரவு 10 மணிக்குக் கூப்பிட்டால் அங்கே நள்ளிரவு 12.30. மாலை 6 மணிக்குள் பேசிவிட்டால் அவருக்கு 8.30, மறுநாள் ஆர்டரையும் அப்போதே வாங்கிவிடலாம்.