துணிவைக் கொடுத்த புத்தகம்

    

'பெரியோர்கள் பைபிளிடம் பெற்றது பெரிதும் ஆறுதலா, துணிவா?' இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய அம்மையார் 'ஆறுதலே' என்று உருகிவிட்டுப் போனார். பிள்ளை கெட்ட கனவு கண்டு அழுதால், தலையணைக்கு அடியில் பைபிளை வைத்துத் தட்டிக் கொடுப்பார்களாம். பிள்ளை தூங்கிவிடுமாம். ரொம்ப சரிம்மா! எங்கள் தெருவில் நானே பார்த்திருக்கிறேன்.

ஆனால் ஒரே ஒரு கேள்வி. ஆறுதல் மட்டும் தருகிற பொருளைப் பார்த்து எவனாவது பயப்படுவானா? தலைவலித் தைலத்தைப் பார்த்து நடுங்கியவன் உண்டா? (சிரிப்பு) இந்தப் புத்தகத்தைப் பார்த்து பயந்தவர்கள் இருந்தார்கள் அய்யா! பயந்துபோய் அதற்குக் கத்தரிக்கோல் போட்டார்கள்!

1807-ஆம் ஆண்டு. லண்டனில் ஒரு பைபிள் அச்சாகிறது. யாருக்கு? மேற்கிந்தியத் தீவுகளில், கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக வதைபட்ட கறுப்பின மக்களுக்கு. பழைய ஏற்பாட்டில் சுமார் பத்தில் ஒன்பது பங்கு அதில் கிடையாது. புதிய ஏற்பாட்டில் பாதி கிடையாது. எதை வைத்தார்கள்? வேலைக்காரர்களே, எஜமானுக்குக் கீழ்ப்படியுங்கள் என்கிற பகுதியை பத்திரமாக வைத்தார்கள். எதை எடுத்தார்கள்? எகிப்தில் அடிமைப்பட்டுக் கிடந்த ஒரு கூட்டத்தை, பார்வோன் மன்னனை எதிர்த்து மோசே விடுதலை செய்து கூட்டிக்கொண்டு போன கதையை எடுத்துவிட்டார்கள்!

நடுவர் அவர்களே, யோசித்துப் பாருங்கள். அடிமைக்கு ஆறுதல் கிடைத்தால் முதலாளிக்கு என்ன நஷ்டம்? அழுதுவிட்டு மறுநாள் வேலைக்கு வந்துவிடுவான். துணிவு கிடைத்தால்தான் ஆபத்து! கத்தரிக்கோல் போட்டவனே எங்கள் அணிக்கு முதல் சாட்சி! (கைதட்டல்)

இரண்டாவது சாட்சி, ஃப்ரெடரிக் டக்ளஸ். 1818-இல் அமெரிக்காவில், மேரிலாண்டில் அடிமையாகப் பிறந்தவர். சிறுவனாக பால்டிமோர் நகரத்தில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்பப்படுகிறார். அந்த வீட்டம்மா பைபிளைச் சத்தமாகப் படிப்பதைக் கேட்டு, "எனக்கும் படிக்கச் சொல்லிக் கொடுங்கம்மா" என்று கேட்கிறான் பையன். நல்ல மனசு, அந்த அம்மா அரிச்சுவடியை ஆரம்பித்துவிட்டார். கணவர் பார்த்தார். 'நிறுத்து! எழுத்து தெரிந்தவன் அடிமையாக இருக்கமாட்டான்' என்று தடுத்துவிட்டார்.

பையன் விட்டானா? தெருப் பிள்ளைகளிடம் ரொட்டியைக் கொடுத்து எழுத்தை வாங்கினான்! பால்டிமோர் சாக்கடையோரம் பைபிளின் கிழிந்த தாள்கள் கிடக்கும். அவற்றைப் பொறுக்கி, கழுவி, உலர்த்தி, ஓய்வு கிடைத்தபோது படித்திருக்கிறார். நம் வீட்டில் பிள்ளைக்குப் புதுப் புத்தகம் வாங்கி, பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டுக் கொடுக்கிறோம். அது தொட்டுப் பார்க்க மாட்டேன் என்கிறது! (சிரிப்பு) அவரோ சாக்கடைத் தாளைக் கழுவிப் படித்தார்.

1838-இல் தப்பித்து வடக்கே போனார். 1845-இல் தன் வரலாற்றை எழுதினார். அதில் ஒரு சம்பவம். பின்னால் அவரை வைத்திருந்த எஜமான் ஒருவர், ஊனமுற்ற ஒரு அடிமைப் பெண்ணைக் கட்டிவைத்துச் சவுக்கால் அடிப்பார். அடித்துக்கொண்டே, அதற்கு நியாயமாக பைபிள் வசனம் சொல்வார்!

இப்போது எதிரணியினர் துள்ளுவார்கள். "பார்த்தீரா! அடித்தவன் கையிலும் அதே புத்தகம்தானே?" நியாயமான கேள்வி. நான் மழுப்பப் போவதில்லை. ஆமாம், அதே புத்தகம்தான். 1865 மார்ச் 4-ஆம் தேதி, இரண்டாவது முறை பதவியேற்ற ஆபிரகாம் லிங்கனே இதைச் சொன்னார்: போரிடும் இரு தரப்பும் ஒரே பைபிளைத்தான் படிக்கிறோம், ஒரே கடவுளிடம்தான் வேண்டுகிறோம் என்று. ஆனால், சவுக்கைப் பிடித்திருப்பவனுக்குத் துணையாக ஒரு வரியைத் தேட துணிவு வேண்டுமா? வேண்டாம். தன்னை அடிக்கிறவன் காட்டுகிற அதே புத்தகத்தைத் திறந்து, 'நீ சொல்வது இதில் இல்லை, ஏசுவின் மதம் வேறு, உன் மதம் வேறு' என்று எழுதினாரே டக்ளஸ், அதற்குத்தான் வேண்டும்!

அதே பால்டிமோர் நகரத்துக் கறுப்பின மக்கள் 1864 செப்டம்பரில் லிங்கனுக்கு என்ன பரிசு கொடுத்தார்கள் தெரியுமா? ஒரு பைபிள்! கடவுள் மனிதனுக்குத் தந்த பரிசுகளிலேயே சிறந்தது இது என்று சொல்லி வாங்கிக்கொண்டார். சாக்கடையில் பொறுக்கிய தாள், ஜனாதிபதி கைக்குப் பரிசாகப் போனது. (கைதட்டல்)

சரி, நம்ம ஊருக்கு வருவோம். காந்தியடிகள் சட்டம் படிக்க லண்டன் போனார். அங்கே ஒரு நண்பர் சொல்லி பைபிள் வாங்கினார். பழைய ஏற்பாட்டைப் புரட்டினால் தூக்கம் வந்ததாம்! சுயசரிதையில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். (சிரிப்பு) ஆனால் புதிய ஏற்பாட்டில் மலைப்பிரசங்கம் நேரே நெஞ்சில் இறங்கியது என்கிறார். கீதையோடு அதை ஒப்பிட்டுப் பார்த்தார். அந்த மலைப்பிரசங்கத்தை வைத்து ரஷ்யாவில் டால்ஸ்டாய் எழுதிய புத்தகம், தென்னாப்பிரிக்காவில் அவர் கைக்கு வந்தது. 1910-இல் சத்தியாக்கிரகிகளின் குடும்பங்களுக்காக ஜோகன்னஸ்பர்க் அருகே ஏற்பட்ட பண்ணைக்கு, டால்ஸ்டாய் பண்ணை என்றே பெயர் வைக்கப்பட்டது. அடித்தால் திருப்பி அடிக்காதே, ஆனால் அநியாயத்துக்கு வளையாதே! இது ஆறுதலா அய்யா? இது துணிவு!

கடைசியாக ஒருவர். மார்ட்டின் லூதர் கிங். அவரோ பாதிரியார். பைபிள் அவர் வீட்டுச் சொத்து. ஆனால் அதை வைத்துப் போராடும் முறையை யாரிடம் கற்றார்? நம்ம காந்தியிடம்! 1959-இல் இந்தியா வந்து ராஜ்காட்டில் மலர்வளையம் வைத்தார்.

1955 டிசம்பரில் அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரத்தில், பஸ்ஸில் நிறபேதம் கூடாது என்று கறுப்பின மக்கள் பஸ் ஏறுவதையே நிறுத்தினார்கள். 381 நாட்கள்! தலைமை தாங்கிய கிங்குக்கு வயது 26. 1956 ஜனவரியில் ஓர் இரவு, போனில் கொலை மிரட்டல். தூக்கம் வரவில்லை. சமையலறை மேசையில் காபியோடு உட்கார்ந்து, 'எனக்குப் பயமாக இருக்கிறது, ஆண்டவரே' என்று ஜெபிக்கிறார். மனசு அமைதியானது. அம்மா, அந்த இடத்தில் நீங்கள் சொன்ன ஆறுதல் வந்தது. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் மூன்றே நாளில் வீட்டில் குண்டு வெடித்தது. அவர் கூட்டத்துக்குப் போயிருந்தார். உள்ளே மனைவியும் கைக்குழந்தையும். நல்லவேளை, காயமில்லை. ஓடி வந்து பார்த்தால், வாசலில் ஆத்திரத்தோடு ஜனங்கள், சிலர் கையில் ஆயுதம். ஒரு வார்த்தை போதும், ஊர் எரிந்திருக்கும். அவர் சொன்னார்: ஆயுதத்தை வீட்டுக்குக் கொண்டுபோங்கள், நம் எதிரியையும் நாம் நேசிக்க வேண்டும். கூட்டம் கலைந்தது.

குண்டு வெடித்த வாசலில் நின்றுகொண்டு இதைச் சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

ஆறுதல் விதைநெல் என்றால், துணிவுதான் விளைச்சல். விதைநெல்லைக் குதிரிலேயே பூட்டி வைத்தால் ஊர்ப் பசி ஆறுமா? தலையணைக்கு அடியில் இருந்தது போதும், நடுவர் அவர்களே. அந்தப் புத்தகத்தை எடுத்துத் திறந்தவர்களுக்காக நல்ல தீர்ப்பு சொல்லுங்கள் என்று கேட்டு அமர்கிறேன்.  (கைதட்டல்)