குழந்தைகளின் சிறுநீர்த் தொற்றும் மருந்துக்கு அடங்காப் பற்றீரியாவும்

பேசத் தெரிந்த பிள்ளைக்குச் சிறுநீர் கழிக்கும்போது எரிவு உண்டாயின் அது தாயிடஞ் சென்று முறையிடும். பேசத் தெரியாத குழந்தை அழுவதன்றி வேறென் செய்யும்? அதனிடத்தே புறத்தே தோன்றுவன காய்ச்சலும், வாந்தியும், பால் குடிக்க மறுத்தலுமே. இருமலுமில்லை, தடிமனுமில்லை. இவ்வாறு காரணந் தோன்றாது வருங் காய்ச்சல்களுட் சிலவற்றுக்கு மூலம், சிறுநீர் வழியிற் புகுந்த தொற்றேயாம். ஏழு வயதுக்கிடையிற் பெண் குழந்தைகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ 8 பேரும், ஆண் குழந்தைகளுள் 2 பேரும் ஒருமுறையேனும் இத்தொற்றுக்கு ஆளாகின்றனர் எனச் சுவீடன் நாட்டில் எடுக்கப்பெற்ற கணக்கொன்று கூறும்.

தொற்றுச் சிறுநீர்ப்பையோடு நின்றுவிடின் பெருந் தீங்கில்லை. அது மேலேறிச் சிறுநீரகத்தைப் பற்றுமாயின், அங்குள்ள மென்மையான இழையம் புண்பட்டுத் தழும்பேறலாம். தழும்பேறிய பகுதி மீண்டுந் தொழிற்படுவதில்லை. பிற்காலத்தில் இரத்த அழுத்தம் உயர்வதற்கும், சிலரிற் சிறுநீரகம் தளர்வதற்கும் அதுவே வித்தாகும். ஆதலின் வைத்தியர் பரிசோதனையின் முடிவு வருமட்டும் காத்திராது மருந்தைத் தொடங்கிவிடுகின்றார். அம்மருந்து கிருமியைக் கொல்லுமா என்பதே இன்று எழுந்துள்ள வினா.

இத்தொற்றுக்கள் ஐந்தனுள் நான்கிற்குக் காரணமாயிருப்பது எசெரிக்கியா கோலை என்னும் ஒரே பற்றீரியா. இதனை முதலிற் கண்டு கூறியவர் தியோடர் எசெரிக் என்னும் குழந்தை வைத்தியர். 1885ஆம் ஆண்டில் மியூனிக் நகரில், பாலுண்ணுங் குழந்தைகளின் மலத்தை ஆராய்ந்தபோது அவர் இதனைக் கண்டார். பின்னர்க் கிராட்சு நகரிற் பேராசிரியராயிருந்த காலத்தில், 1894இல், குழந்தைகளின் சிறுநீர்ப்பை அழற்சிக்கு இப்பற்றீரியா காரணமாதலையும் விவரித்தார். அவர் பெயரை இதற்குச் சூட்டியவர்கள் காசுத்தெல்லானி, சாமேர்சு என்னும் இருவர். சூட்டிய ஆண்டு 1919. இவ்விருவரும் நம் இலங்கையிற் பணியாற்றியவர்கள் என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி. காசுத்தெல்லானி 1903 முதல் 1915 வரை கொழும்பில் அரசினர் பற்றீரியவியலாளராக இருந்தார்; சாமேர்சு இலங்கை மருத்துவக் கல்லூரியின் பதிவாளராக இருந்தவர். உலகெங்கும் ஆய்வுகூடங்களில் நாடோறும் எழுதப்படும் அப்பெயர்க்குக் கொழும்போடும் ஓர் உறவுண்டு.

இப்பற்றீரியா குடலில் வாழுங்கால் நமக்குப் பகையன்று. இடம் மாறியவிடத்தே பகையாகின்றது. குடலைவிட்டு வெளிப்பட்டது, அருகிலுள்ள சிறுநீர்த் துவாரத்தினூடாக மேலேறுகின்றது. பெண் குழந்தைகளில் அவ்வழி மிகக் குறுகியது. அவர்களில் நோய் மிகுதியாதற்குத் தலையாய காரணம் அதுவே. சிறுநீர் பாயும்போது கிருமி அடித்துச் செல்லப்படாதோ எனின், அதன் உடலெங்கும் மயிர்போன்ற நுண்ணிழைகள் உள. அவற்றின் நுனி சிறுநீர்ப்பைச் சுவரின் கலங்களிலுள்ள ஒருவகை வெல்லத்தைப் பற்றிக்கொள்ளும். ஆயினும் அடிக்கடி சிறுநீர் முற்றாகக் கழியுமாயின் கிருமி பெருகுதற்குப் போதிய அவகாசங் கிட்டாது.

இவ்விடத்தில் ஆசிரியராகிய நம்மைச் சார்ந்ததொன்று உண்டு. காலையில் நீரருந்தாது பாடசாலைக்கு வந்து, மலசலகூடத்தின் நிலைக்கு அஞ்சி, வீடு சேருமட்டும் அடக்கிக்கொண்டிருக்கும் பெண்பிள்ளைகளை நாமறிவோம். பாட நடுவே வெளியே செல்ல அனுமதி கேட்பவரைக் கடிந்துகொள்ளும் வழக்கமும் நம்மிடையே இல்லாமலில்லை. நெடுநேரம் அடக்குதலும் மலச்சிக்கலும் இத்தொற்றுத் திரும்பத் திரும்ப வருதற்கு ஏதுக்களென வைத்திய நூலார் வற்புறுத்துவர். வராத தொற்றுக்கு மருந்து வேண்டுவதில்லை. கொடாத மருந்துக்குக் கிருமி பழகுவதுமில்லை.

மருந்துக்குக் கிருமி பழகுகின்றது என்று மேலே எழுதினோமாயினும், அச்சொல் விஞ்ஞான முறையிற் பொருத்தமானதன்று. கள்ளுண்டு பழகுவான் போலக் கிருமி மருந்துண்டு பழகுகின்றதென்றே பலரும் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் தவறென 1952இல் அமெரிக்காவில் யோசுவா லெடர்பேர்க், எசுத்தர் லெடர்பேர்க் தம்பதியர் மிக எளிய ஒரு பரிசோதனையாற் காட்டினர். மருந்தில்லாத தட்டொன்றிற் பற்றீரியாக் குடிகளை வளர்த்து, அதன்மீது வெல்வெற்றுத் துணியை ஒற்றி, அத்துணியை மருந்திட்ட தட்டுக்கள் பலவற்றில் ஒன்றன்பின் ஒன்றாக ஒற்றினர். மருந்திட்ட தட்டுக்களிலெல்லாம் சில குடிகள் மாத்திரம் தப்பி வளர்ந்தன. அவை ஒவ்வொரு தட்டிலும் அதே இடத்தில் வளர்ந்தன. முதற்றட்டில் அவ்விடத்திலிருந்து எடுத்தவற்றைப் பரிசோதித்தபோது, மருந்தை ஒருபோதும் கண்டறியாத அவையும் எதிர்ப்பாற்றல் உடையனவாயிருந்தன. எனவே மருந்து எதிர்ப்பைக் கற்பிப்பதில்லை. எதிர்ப்புடையவற்றை விட்டு ஏனையவற்றை அழிக்கின்றது. களை பிடுங்குவான் நெல்லைப் பிடுங்கிக் களையை விட்டுச் செல்வது போல்வது இது.

பெனிசிலினைச் சிதைக்கும் நொதியத்தை ஏபிரகாமும் செயினும் 1940இல் வெளிப்படுத்தினர். அப்பொழுது பெனிசிலின் தொற்றுநோயாளரிடையே பரவலாக வழக்குக்கு வந்திருக்கவில்லை.  அந்நொதியத்தை அவர்கள் எடுத்தது நாம் பேசும் இக்கோலைப் பற்றீரியாவிலிருந்தேயாம்.

இதனினும் வியப்புக்குரியது யப்பானிற் கண்டது. போருக்குப் பின் அங்கு வயிற்றுளைவு நோய்க் கிருமிகள் ஒரே வேளையில் பல மருந்துகளை எதிர்த்து நின்றன. ஒரே நோயாளியின் குடலிலிருந்த கோலைப் பற்றீரியாவும் அதே மருந்துகளை எதிர்த்தது. இரண்டையும் ஒருங்கே வளர்த்தால் எதிர்ப்பாற்றல் ஒன்றினின்று மற்றொன்றிற்குச் செல்வதை ஒச்சியாய், அக்கிபா ஆகியோர் 1959இல் அறிவித்தனர். தாயிலிருந்து மகளுக்குச் செல்லும் சீதனமாக மட்டுமன்றி, அயலவரிடையே கைமாறும் பண்டமாகவும் எதிர்ப்பாற்றல் செல்கின்றது. இதனைச் சுமப்பது பிளாசுமிட்டு எனப்படும் வளையம் போன்ற சிறு டி.என்.ஏ. துண்டு. ஒரு வளையத்திலே நான்கைந்து மருந்துகளுக்கு எதிரான பரம்பரையலகுகள் சேர்ந்திருத்தலுங் கூடும். அங்ஙனமாயின் அவற்றுள் ஒரு மருந்தைக் கொடுத்தாலும் ஏனைய எதிர்ப்புக்களும் உடன் நிலைபெறும்.

அம்பிசிலின் 1961இல் வழக்குக்கு வந்தது. அதனை அழிக்கும் நொதியத்தைச் சுமந்த கோலைப் பற்றீரியாவை ஏதென்சு நகர நோயாளி ஒருவரிடம் கண்டமை 1965இல் வெளியாயிற்று. செபோற்றாட்சிம் போன்ற பின்வந்த மருந்துகளையும் சிதைக்கும் வேறொரு நொதியம் 1989இல் மியூனிக்கிற் கண்டெடுக்கப்பட்டு, இன்று உலகெங்கும் பரந்துள்ளது. எசெரிக் தம் பற்றீரியாவை முதலிற் கண்ட அதே நகர்!

இனி இன்றைய நிலை. இருபத்தாறு நாடுகளிலிருந்து வெளிவந்த 58 ஆய்வுகளை ஒன்றுதிரட்டி, குழந்தைகளின் சிறுநீரிலிருந்து பெற்ற கோலைப் பற்றீரியாக்களைக் கணித்த கட்டுரையொன்று 2016இற் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளிவந்தது. செல்வ நாடுகளில் நூற்றுக்கு 53 வீதமானவை அம்பிசிலினை எதிர்த்தன. ஏனைய நாடுகளில் அது ஏறத்தாழ 80 வீதம். சிப்புரோபுளொட்சசினுக்கு அங்கே 2 வீதம். இங்கே 27 வீதம். வைத்தியரின் சீட்டின்றி மருந்துக்கடையில் நுண்ணுயிர்க்கொல்லி வாங்கக்கூடியதாயிருத்தல் இவ்வேறுபாட்டுக்கு ஒரு காரணமாகலாமென ஆசிரியர்கள் கருதினர். முன்னர் இம்மருந்துகளை உட்கொண்ட குழந்தைகளில் எதிர்ப்புடைய கிருமி காணப்படுதல் மிகுதி என்பதும், அவ்விளைவு ஆறு திங்கள்வரை நீடித்தல் கூடுமென்பதும் அக்கட்டுரையின் வேறு முடிபுகள். தடிமனுக்கென்று வேண்டாது கொடுத்த மருந்துப்பாணி தடிமனின் வைரசைத் தொடுவதில்லை. குடலிலுள்ள கோலையை அது தொடுகின்றது. அங்கு எஞ்சியவையே பின்னொருநாள் சிறுநீர்ப்பைக்கு ஏறுகின்றன.

நல்ல நோக்கத்தோடு கொடுக்கும் மருந்தும் இவ்விதிக்கு விலக்கன்று. சில குழந்தைகளில் சிறுநீர் சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீரகத்தை நோக்கி மீளப் பாயும். அத்தகையோருக்குத் தொற்று வராமற் காக்கும்பொருட்டு நாடோறும் சிறிதளவு மருந்து கொடுத்தல் நெடுங்கால வழக்கம். அமெரிக்காவில் இத்தகைய 607 குழந்தைகளை இரு கூறாக்கி, ஒரு கூறினருக்கு இரண்டாண்டு மருந்தும் மற்றையோருக்குப் போலி மருந்தும் கொடுத்து, 2014இல் முடிபை வெளியிட்டனர். மருந்துண்ட 302 பேருள் 39 பேருக்கும், போலி மருந்துண்ட 305 பேருள் 72 பேருக்கும் தொற்று மீண்டது. பயனுண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் சிறுநீரகத் தழும்பு இரு கூறினரிலும் ஏறத்தாழ ஒரே அளவாயிருந்தது. கோலையால் மீண்டும் நோயுற்றவர்களுள், மருந்துண்டவர்களில் 63 வீதத்தினரின் கிருமி அம்மருந்தை எதிர்த்தது. ஏனையோரில் 19 வீதமே. இரண்டு ஆண்டுகள் நாடோறும் மருந்துண்டும் தழும்பு குறையவில்லையெனின், எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவாக இதனை விதித்தல் தகாதென்றே எனக்குத் தோன்றுகின்றது. மீள்பாய்வு கடுமையாயுள்ளோரின் நிலை வேறு. அது நிபுணர் துணியவேண்டியது.

எதிர்ப்பு இன்றும் பெரிதும் ஓங்காத பழைய மருந்து ஒன்றுண்டு. நைத்திரோபியூரந்தோயின் 1953 முதல் வழக்கிலிருப்பது. அது விரைந்து சிறுநீரிற் செறிவதனாற் குடலிலுள்ள பற்றீரியாக்களைப் பெரிதும் வருத்துவதில்லை. ஆயினும் அந்த நல்லியல்பே அதன் குறையுமாகும்: இரத்தத்திலும் இழையங்களிலும் அது போதிய அளவு தங்காமையால், காய்ச்சலோடு சிறுநீரகம் பற்றப்பட்ட கைக்குழந்தைக்கு உதவாது. அக்குழந்தைக்கு வேண்டியன செபலோசுபோரின் வகையினவும் ஊசிமருந்துகளுமே. எதிர்ப்பு விரைந்து பரவுவதும் அவற்றிற்கே.

ஆதலின் முதல் வேளை மருந்துக்கு முன்னரே சிறுநீர் எடுத்தல் இன்றியமையாதது. மருந்து உட்சென்ற பின் எடுத்தால் கிருமி வளராது. எதற்கு அடங்கும், எதற்கு அடங்காதென்பதும் தெரியவராது. குழந்தையின் உடலில் ஒட்டிய பையிற் சேரும் நீர் தோலின் கிருமிகளாற் கலப்புறுமாதலின், கழுவித் துடைத்தபின் நடுவோட்டத்தில் தூய கலத்தில் ஏந்துதல் நன்று. இயலாவிடில் வைத்தியசாலையில் மெல்லிய குழாய் செலுத்தி எடுப்பர். தாய்மாருக்கு இது பொறுமையைச் சோதிக்குங் காரியந்தான். ஆய்வுகூடத்தின் விடை இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ வரும். அதனைக் கண்டு வைத்தியர், கிருமி எதிர்ப்பதாயின் மருந்தை மாற்றுவார். எளிய மருந்துக்கு அடங்குவதாயின் அதற்கு இறங்குவார். எதுவும் வளராது, நோய்க்கு வேறு காரணமுந் தெளிவாயின், மருந்தை அன்றே நிறுத்திவிடுவார்.