சார்ஜ் நிற்காத கிண்டில்

இ-ரீடரில் முதலில் தளர்வது பேட்டரிதான். திரை பத்து ஆண்டு கடந்தும் தெளிவாக இருக்கும். உள்ளே இருக்கும் போர்டும் எளிதில் கெடாது. பேட்டரி மட்டும் ஐந்தாறு ஆண்டுகளில் சோர்ந்துவிடும். அமேசானின் இ-ரீடரான கிண்டில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது 2012-இல். அதன் மின்னூல் கடையில் தமிழ் நூல்களுக்கு முறையாக இடம் கிடைத்தது 2016 டிசம்பரில். அந்தக் காலத்தில் ஆசையாக வாங்கிய கருவிகளில் பல இப்போது மேசை இழுப்பறையிலும் பீரோவின் மேல்தட்டிலும் கிடக்கின்றன. தென்காசிப் பக்கம் அவற்றைப் பற்றிச் சொல்லப்படும் குறை ஒன்றே: ‘சார்ஜ் நிக்க மாட்டேங்கு.’ இந்தக் குறை ஏன் வருகிறது, பேட்டரியை மாற்ற முடியுமா, மாற்றினால் பலன் உண்டா என்ற கேள்விகளுக்கு விடை தெரிந்தால், தூக்கிப் போட இருந்த கருவி இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும்.

இ-ரீடரின் திரைக்கு மின்மை என்று பெயர். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வகத்தில் பிறந்து, 1997-இல் ‘ஈ இங்க்’ என்ற நிறுவனமாக உருவெடுத்த தொழில்நுட்பம் அது. கண்ணுக்குத் தெரியாத நுண்குமிழ்களுக்குள் வெள்ளைத் துகள்களும் கறுப்புத் துகள்களும் எதிரெதிர் மின்னூட்டத்தோடு மிதக்கும். மின்னழுத்தம் கொடுத்தால் வெள்ளையோ கறுப்போ மேலே வந்து நிற்கும். நின்றபின் அதற்கு மின்சாரமே வேண்டாம். பக்கம் புரளும் அந்த ஒரு கணத்தில்தான் செலவு. பேட்டரி முழுக்கச் செத்துப்போன கிண்டிலிலும் கடைசியாகத் தெரிந்த படம் மாதக்கணக்கில் அப்படியே நிற்பது இதனால்தான். கருவிக்கு உயிர் இருக்கிறது, பொத்தான்தான் வேலை செய்யவில்லை என்று பலர் ஏமாறுவதும் இதனால்தான்.

செலவு குறைவு என்பதால் பேட்டரியும் சிறியது. 2011-இல் வந்த சாதாரண கிண்டிலில் இருந்தது 890 எம்.ஏ.எச். பேட்டரி. பேப்பர்வொயிட் என்ற மாடலின் முதல் தலைமுறையில் 1,420. 2021-இல் வந்ததில் 1,700. இன்றைய செல்போன்களில் 5,000 சர்வசாதாரணம். 2021 பேப்பர்வொயிட்டுக்கு ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் பத்து வாரம் வரை நிற்கும் என்று அமேசான் அறிவித்தது. அதோடு நிபந்தனைகளும் உண்டு: நாளுக்கு அரை மணி நேரம்தான் படிக்க வேண்டும், வைஃபை அணைந்திருக்க வேண்டும், விளக்கு 13-ஆம் அளவில் இருக்க வேண்டும். கூட்டிப் பார்த்தால் மொத்தம் 35 மணி நேரம். நாளுக்கு மூன்று மணி நேரம் படிப்பவருக்கு அது பன்னிரண்டு நாள்கூட வராது. எனவே புதுக் கருவியிலேயே பத்து வாரம் வரவில்லை என்றால் பேட்டரியைக் குற்றம் சொல்ல முடியாது.

உள்ளே இருப்பது லித்தியம் அயனி பேட்டரி. அதிலும் தகடு போல மெல்லிய, மென்மையான உறை கொண்ட வகை. 1991-இல் சோனி நிறுவனம் லித்தியம் அயனி பேட்டரியை முதன்முதலாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இதற்கு அடித்தளம் இட்ட ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்காம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் ஒரு முனையிலிருந்து கிளம்பி, மறுமுனையிலுள்ள கிராஃபைட் அடுக்குகளுக்குள் போய் அமரும். கருவி இயங்கும்போது திரும்பி வரும். கிராஃபைட்டின் மேல் ஒரு மெல்லிய படலம் உருவாகி, வெந்நீர்ப் பாத்திரத்தில் உப்புக்கறை ஏறுவது போல நாளாக நாளாகத் தடிக்கும். அந்தப் படலத்தில் சிக்கிய லித்தியம் மறுபடி வேலைக்கு வராது. கொள்ளளவு குறைவதும் உள்தடை கூடுவதும் இப்படித்தான்.

இந்த முதுமைக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஏற்றி இறக்கும் சுற்றுகளால் வரும் தேய்மானம். மற்றது, சும்மா இருந்தாலும் காலத்தால் வரும் தளர்ச்சி. இத்தகைய பேட்டரிகள் 300 முதல் 500 முழுச் சுற்றுகள் வரை தாங்கும் என்பது பொதுவான கணக்கு. மூன்று வாரத்துக்கு ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் ஆண்டுக்குப் பதினேழு, பதினெட்டு சுற்றுதான். பத்து ஆண்டு ஆனாலும் 200-ஐத் தொடாது. ஆகவே படித்துப் படித்து பேட்டரி போய்விட்டது என்ற பேச்சு இ-ரீடருக்கு அவ்வளவாகப் பொருந்தாது. படிக்காமல் போட்டு வைத்துப் போனவைதான் இங்கே அதிகம். வெயிலும், சார்ஜ் இல்லாமல் கிடக்கும் வெறுமையும்தான் இந்த பேட்டரியின் உண்மையான எதிரிகள்.

வெயில் என்றால் தென்காசிக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. சாரல் ஊர் என்று பேர் வாங்கியிருந்தாலும் சித்திரை, வைகாசியில் வெப்பநிலை 35 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். கிண்டில் இயங்குவதற்கு நிறுவனம் சொல்லும் உச்ச வரம்பே 35 டிகிரிதான். மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் அறை, ஓட்டுக்கு அடியில் உள்ள பரண், வெயிலில் நிறுத்திய காரின் முன்பலகை எல்லாம் அதைவிடச் சூடு. முழு சார்ஜில் பேட்டரியின் மின்னழுத்தம் 4.2 வோல்ட். அந்த நிலையில் வெப்பத்திலும் கிடந்தால் படலம் வேகமாகத் தடிக்கும். நூறு சதவீதம் ஏற்றி, காரில் விட்டுவிட்டு, ஐந்தருவிக்குக் குளிக்கப் போவது பேட்டரிக்குச் செய்யும் பெரிய கெடுதல்.

வெறுமை இன்னொரு வகை. அட்டையை மூடினால் கருவி உறங்குகிறதே தவிர அணைவதில்லை. வைஃபை திறந்திருந்தால் அவ்வப்போது விழித்துக்கொண்டு தொடர்பு தேடும். ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சீசன் களைகட்டும்போது சென்னையிலிருந்தும் மும்பையிலிருந்தும் ஊருக்கு வருபவர்கள், கையில் கொண்டுவந்த கிண்டிலைப் பூர்வீக வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது உண்டு. அடுத்த ஆடியில் எடுத்துப் பார்த்தால் பொத்தானுக்கு அசையாது. மின்னழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே இறங்கியதும் பேட்டரியோடு ஒட்டியுள்ள காப்புச் சுற்று இணைப்பைத் துண்டித்துவிடும். அதன் பிறகும் மெல்ல மெல்ல வடிந்துகொண்டே இருக்கும். மிக ஆழமாக வடிந்தால் உள்ளேயுள்ள செப்புத் தகடு கரையத் தொடங்கும். அப்படிக் கரைந்ததை வலுக்கட்டாயமாகச் சார்ஜ் ஏற்றினால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம். இதற்கு மருந்து எளிது: நெடுநாள் வைத்துவிட்டுப் போகும்போது பாதி சார்ஜில் நிறுத்தி, விமானப் பயன்முறையில் போட்டு, குளிர்ச்சியான இடத்தில் வைத்து, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீட்டில் இருப்பவர் கொஞ்சம் ஏற்றிவிட்டால் போதும்.

சாரல் பேட்டரிக்கு நல்லது. குளிர்ச்சியில் அதன் முதுமை மெதுவாகும். ஆனால் சார்ஜ் துளைக்கு அது ஆகாது. செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் ஈரக்காற்றில் துணியே உலராத நாள்கள் உண்டு. பழைய கருவிகளின் மைக்ரோ யு.எஸ்.பி. துளையில் ஈரமும் பஞ்சும் சேர்ந்தால் முனைகள் பச்சை பூத்துவிடும். சார்ஜ் ஏறாது, பழி பேட்டரி மேல் விழும். 2018 மாடல் முதலான பேப்பர்வொயிட்டுகள் நீர் புகாதவை. அதற்கு முந்தியவை அப்படியல்ல. அருவிக்கரையில் அவற்றை வெளியே எடுக்கவே கூடாது.

ஆகவே மாற்றுவதற்கு முன் சோதனை வேண்டும். முதலில் நல்ல கேபிளும் 5 வோல்ட் சார்ஜரும் எடுத்து, சில மணி நேரம் தொடர்ந்து போட்டு வைக்க வேண்டும். ஆழமாக வடிந்த பேட்டரி முதல் அரை மணி நேரம் எந்த அசைவும் காட்டாமல் இருக்கலாம். பிறகு பொத்தானை 40 விநாடி அழுத்திப் பிடித்து மறுதொடக்கம் செய்ய வேண்டும். ஒரேயடியாக நூறு, இருநூறு நூல்களை ஏற்றியிருந்தால் அவற்றையெல்லாம் தேடலுக்காக அட்டவணைப்படுத்தும் வேலையில் கருவி இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும். பழுதான ஒரு கோப்பு நடுவில் சிக்கினால் அந்த வேலை முடியவே முடியாது. அந்தக் கோப்பை நீக்கினாலே பேட்டரி பழைய நிலைக்கு வந்துவிடுவதும் உண்டு.

இவை எல்லாம் செய்தும் 40 சதவீதத்திலிருந்து திடீரென 5-க்குத் தாவினால், வைஃபை இல்லாமலே இரண்டு நாளில் காலியானால், பேட்டரி முடிந்தது என்று அர்த்தம். பின்மூடி லேசாகப் புடைத்திருந்தாலோ, சட்டத்துக்கும் திரைக்கும் நடுவே இடைவெளி விழுந்தாலோ பேட்டரி உப்பிவிட்டது. உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது. அதை அழுத்தக் கூடாது, சார்ஜ் போடக் கூடாது, ஊசியால் குத்தவே கூடாது. உப்பிய பேட்டரி பின்னாலிருந்து தள்ளித் திரையை உடைத்துவிடும் என்பதால் உடனே கழற்றுவதுதான் சரி.

கழற்றுவது மாடலைப் பொறுத்தது. 2007-இல் வந்த முதல் கிண்டிலில் பின்மூடியைக் கையால் திறந்து யாரும் பேட்டரியை மாற்றலாம். 2009-இல் வந்த இரண்டாம் தலைமுறையிலிருந்து மூடி அடைத்துவிட்டார்கள். ஆனாலும் 2010-இன் விசைப்பலகை கிண்டில் இன்றும் பழுது பார்ப்பவருக்கு அருமையான கருவி. பிளாஸ்டிக் நெம்பியை ஓரத்தில் நுழைத்தால் பின்மூடி கிளிப்புகளிலிருந்து கழன்று வரும். பேட்டரியை இரண்டு சிறிய திருகுகள்தான் பிடித்திருக்கும். அவிழ்த்தால் தானே வெளியே வரும். 2012 முதல் 2015 வரையான பேப்பர்வொயிட்டுகளில் முன்சட்டத்தைப் பசையிலிருந்து பெயர்க்க வேண்டும். அதற்குக் கீழே சுற்றிலும் திருகுகள். எல்லாம் எடுத்தபின் திரையும் போர்டும் பேட்டரியும் ஒரே சட்டமாக வெளியே வரும். புரட்டினால் பேட்டரி தெரியும். அந்தச் சட்டத்தைத் தூக்கும் இடம்தான் ஆபத்தானது. மின்மைத் திரையின் அடியில் இருப்பது மிக மெல்லிய கண்ணாடி. ஒரு மூலையில் மட்டும் நெம்பினால் சத்தமே இல்லாமல் விரிசல் விட்டுவிடும். திரை போனால் கருவியே போனது போலத்தான்.

2018 முதல் வந்த நீர் புகாத மாடல்களில் வேலை இன்னும் கடினம். முன்பக்கம் முழுதும் பசையால் ஒட்டியிருக்கும். இளஞ்சூடு காட்டித்தான் பிரிக்க முடியும். செல்போனுக்குப் பிடிக்கும் அளவில் ஹீட் கன் பிடித்தால் மின்மை அடுக்கு தாங்காது. எவ்வளவு கவனமாகச் செய்தாலும் திரும்ப மூடியபின் அது நீர் புகாத கருவி என்று நம்பக் கூடாது. தென்காசியில் செல்போன் பழுது பார்க்கும் கடைகளுக்குக் குறைவில்லை; அங்கே உள்ளவர்களுக்கு பேட்டரி கனெக்டரைக் கழற்றி மாட்டுவது கைவந்த வேலை. ஆனால் மின்மைத் திரை அவர்கள் கைக்கு அதிகம் வருவதில்லை. கருவியைக் கொடுக்கும்போதே திரையின் நொய்மையைச் சொல்லிவிடுவது இரு பக்கத்துக்கும் நல்லது.

பேட்டரி கிடைப்பதுதான் அடுத்த சிக்கல். இணையக் கடைகளில் விற்பவை பெரும்பாலும் வேறு நிறுவனங்கள் செய்த மாற்று பேட்டரிகள். கருவியின் பெயரை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. பழைய பேட்டரியின் மேல் அச்சிட்ட எண், கனெக்டரின் வடிவம், கம்பிகளின் எண்ணிக்கை மூன்றும் ஒத்துப்போக வேண்டும். கூடுதலாக இருக்கும் கம்பிகள் வெப்பத்தையும் மின் அளவையும் கருவிக்குத் தெரிவிப்பவை. அவற்றை வெட்டிவிட்டு ஏதோ ஒரு இரண்டு கம்பி பேட்டரியை ஒட்டுவது பாதுகாப்பையே துண்டிப்பதாகும். இந்தியாவில் லித்தியம் பேட்டரிகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பி.ஐ.எஸ்.) பதிவு கட்டாயம்; அந்த முத்திரையும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பார்க்கலாம். தயாரித்த தேதியும் முக்கியம்: கிடங்கில் ஐந்து ஆண்டு கிடந்த ‘புதிய’ பேட்டரியும் கிழட்டு பேட்டரிதான். தனியாக அனுப்பும் லித்தியம் அயனி பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவதற்கு 2016 ஏப்ரல் 1 முதல் உலக அளவில் தடை உள்ளது. ஆகவே அவை வந்து சேரச் சில நாள் கூடுதலாகப் பிடிக்கும்.

இவ்வளவு பாடு தேவையா என்றால், தேவைதான். 2025-இல் இந்தியாவுக்கு வந்தபோது புதிய பேப்பர்வொயிட்டின் விலை 16,999 ரூபாய். பேட்டரி மாற்றும் செலவு அதில் சிறு பங்கு. படிக்க நூலுக்கும் பஞ்சமில்லை: 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் இணையத்தில் தொகுத்த இலக்கியங்களை, மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி உட்பட, இலவசமாகப் படிக்கலாம். தமிழ் எழுத்து சரியாகத் தெரியாத பழைய கிண்டில்களுக்காகவே ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளம் ஆறு அங்குல பி.டி.எஃப். கோப்புகளை வெளியிடுகிறது. கேபிள் வழியே ஏற்றிவிட்டால் போதும். கடைக் கணக்கோ வைஃபையோ வேண்டாம். சட்டமும் இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டிருக்கிறது. 2027 பிப்ரவரி 18 முதல் கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயன்படுத்துபவரே கழற்றி மாற்றும்படி வடிவமைக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் விதித்துள்ளது. இ-ரீடர் செய்யும் கோபோ நிறுவனம் 2024 முதலே, பழுது பார்க்கும் வழிகாட்டிகளை வெளியிடும் ஐஃபிக்ஸிட்டோடு சேர்ந்து தன் புதிய மாடல்களுக்கு உதிரிப்பாகங்களும் செய்முறை விளக்கமும் தருகிறது.

புது பேட்டரி போட்டதும் முழுதாக ஏற்றி, ஒருமுறை 10 சதவீதம் வரை படித்து இறக்கி, மறுபடி ஏற்றினால் சதவீதக் கணக்கு பெரும்பாலும் சரியாகிவிடும். அதன் பிறகு 20-க்கும் 80-க்கும் இடையே வைத்துக்கொள்வது நல்லது. கழற்றிய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. குப்பை வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கலாம். 2022-இன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பயன்பாடு முடிந்த பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்கள் மேல் வைத்துள்ளன. வீட்டுக் குப்பையோடு கலக்காமல் தனியே ஒப்படைப்பது பயன்படுத்துபவரின் கடமை. கனெக்டர் முனையில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, தீப்பிடிக்காத டப்பாவில் போட்டு, மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிட வேண்டும்.